எய்சா மேள நடனம்: முன்னோருக்கான சடங்கா, மக்களுக்கான நிகழ்ச்சியா?

இளவேனில்:
அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த எய்சா நடனத்தைக் காணொளியில் பார்த்தேன். பெரிய மேளங்களைத் தோளில் மாட்டிய இளைஞர்கள், திரண்ட மக்கள் முன்னிலையில் முழங்காலை உயர்த்தி ஆடுகிறார்கள். இது மறைந்த முன்னோரை வழியனுப்பும் சடங்கு என்றும் படித்தேன். அப்படியானால் விளையாட்டரங்கில் ஆடும்போது அதன் பொருள் சிதைந்துவிடாதா?

தாளவழி:
சிதையவில்லை, ஆனால் வடிவம் மாறியிருக்கிறது என்பதே என் கருத்து. சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் 13 முதல் 15 வரை வரும் ஓபோன் என்னும் முன்னோர் வழிபாட்டு நாட்களில் முன்னோர் வீடு திரும்புவதாக அங்கு நம்புகிறார்கள். மூன்றாம் இரவு அவர்களை வழியனுப்புகிறார்கள். அந்நாட்களில் ஊரின் இளைஞர் சங்கத்தார் தெருத்தெருவாக ஆடிச் செல்வதே எய்சா. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்று ஒகினாவாவை ஆண்ட ரியூக்கியூ அரசுக்கு வந்த தாய்ச்சூ என்ற பௌத்தத் துறவி பரப்பிய புத்தநாம வழிபாட்டோடு இதன் வேர்களை இணைத்துச் சொல்வார்கள்.

பெரிய திருப்பம் 1956இல் வந்தது. அமெரிக்கப் படைத்தளத்தை ஒட்டி வளர்ந்த கோசா நகரில் எய்சாப் போட்டி தொடங்கியதும், தொலைவில் இருப்பவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்ட வேண்டும் என்பதால், மேளங்கள் பெருகின, அணிவகுப்புகள் நுணுக்கமாயின. நீங்கள் கண்ட கம்பீரத்தில் பெரும்பங்கு அந்த மேடை தந்தது.

கடற்காற்று:
தாளவழி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெரிய மேளம் எல்லா ஊருக்கும் உரியதன்று. ஹெஷிகியா என்ற ஊரில், ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய பாரான்கூ என்ற சிறு கைமேளத்தை ஏந்தி, மிக அடக்கமாக ஆடுகிறார்கள். எனக்கு அதுவே மிகவும் பிடிக்கும். தீவின் வடபகுதியிலோ மேளத்துக்கு முதன்மையே தராமல், வட்டமாக நின்று கையசைத்து ஆடும் ஊர்கள் உள்ளன. எங்கு ஆடினாலும், சன்ஷின் என்னும் மூன்று நரம்புக் கருவியை மீட்டிப் பாடுவோரின் குரலைப் பின்பற்றியே ஆட்டம் நகர்கிறது. அடுத்த முறை காணொளியில் அவர்களைக் கவனியுங்கள்.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. நேரில் காண எப்போது செல்லலாம்?

தாளவழி:
விளையாட்டரங்கில் ஆடும் விழா ஓபோன் நாட்கள் முடிந்த அடுத்த வார இறுதியில்தான் நடைபெறுகிறது. முதலில் முன்னோர், பிறகே பார்வையாளர். எனவே ஒரு வாரம் முன்னதாகவே சென்று, தெருவில் நின்று பாருங்கள். நாற்சந்தியில் இரண்டு ஊர்க் குழுக்கள் எதிரெதிரே வந்துவிட்டால், எதிர்க்குழுவின் தாளத்துக்கு இழுபடாமல் தம் தாளத்தைக் காப்பாற்ற இருதரப்பும் மேளத்தை மேலும் ஓங்கி அடிக்கும்.