ஐந்து நாள், ஐந்து தீவு, விஸ்கி ஆலைகள்: நடக்கிற காரியமா?

பகல்தூக்கம்:
செப்டம்பரில் கிளாஸ்கோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறோம், நான், மனைவி, மச்சான். நடுவில் ஐந்து நாள் சும்மா கிடக்கிறது. ஸ்காட்லாந்து தீவுகளில் விஸ்கி ஆலைகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் போட்ட திட்டம்: ஸ்கை, மல், ஐலா, ஜூரா, அரன், ஒரு நாளைக்கு ஒரு தீவு, வாடகைக் கார், ஓட்டுவது நான். மனைவி குடிக்க மாட்டார். எனக்கு ஒரு பெக் போதும், ஆனால் அந்த ஒரு பெக் வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
இந்தத் திட்டத்தில் நீங்கள் பார்க்கப்போவது ஃபெர்ரி வரிசையைத்தான். ஐலாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். (Islay என்ற எழுத்தைப் பார்த்து ஐஸ்லே என்று கேட்காதீர்கள், ஊர்க்காரர்கள் சொல்வது ஐலா.)

காரும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரில் வண்டி ஓட்டுகிறவருக்கான ஆல்கஹால் வரம்பை 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆக இறக்கிவிட்டார்கள், அதனால் ஓட்டுகிறவர் அந்த ஒரு பெக்கையும் மறந்துவிட வேண்டியதுதான். உங்கள் பங்கைக் குட்டி பாட்டிலில் ஊற்றித் தருகிற ஆலைகள் உண்டு, ராத்திரி அறையில் குடிக்கலாம், ஆனால் எல்லாரும் குடித்து முடித்த பிறகு தனியாகக் குடிப்பதில் என்ன இருக்கிறது.

நாங்கள் ஐலாவில் போர்ட் எலன் என்ற ஊரில் அறை எடுத்தோம். அங்கிருந்து லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆலைகள் மூன்றும் ஒரே கடலோரச் சாலையில் வரிசையாக வருகின்றன, பக்கத்திலேயே நடைபாதை, கடைசிவரை போனால் சுமார் ஐந்து கிலோமீட்டர். ஒரே நாளில் மூன்றையும் முடிக்காதீர்கள். நாங்கள் முடித்தோம், மூன்றாவது இடத்தில் சுற்றிக்காட்டிய பெண் என்ன சொன்னார் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஒரு நாள் டாக்சி பிடித்துக் கில்ஹோமன் போங்கள். 2005-இல் ஒரு பண்ணையில் தொடங்கிய ஆலை, பக்கத்து வயலில் விளையும் பார்லியையும் பயன்படுத்துகிறார்கள். ஊறவைத்த பார்லியைத் தரையில் பரப்பிக் கிளறிவிட்டு முளைகட்டுகிறார்கள், நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுகிற அதே வேலைதான், துணி மூட்டைக்குப் பதில் ஒரு கூடம். அப்புறம் பீட் எரித்து அந்தப் புகையில் காயவைக்கிறார்கள். பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிய செடிகொடி, செங்கல் மாதிரி வெட்டி உலர்த்துவார்கள். அந்தப் புகைதான் கிளாஸில் வந்து நிற்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் முகர்ந்துவிட்டு "டேய், இது புண்ணுக்குப் போடுற டிங்சர்டா" என்றான். மூன்றாம் நாள் இரண்டு பாட்டில் வாங்கியதும் அவன்தான்.

அரைபிளேட்:
நான் குடிக்காத கட்சி, உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன். ஆலைச் சுற்றுலா ஒன்று போதும், இரண்டாவதில் அதே செம்புப் பானைதான். லகவூலின் கரையில் இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது, அங்கே உட்கார்ந்துகொண்டால் நேரம் போவதே தெரியாது. ஆர்ட்பெக்கைத் தாண்டிப் போனால் கில்டால்டன் சிலுவை, எட்டாம் நூற்றாண்டுக் கல், இன்னும் வெட்டவெளியில் நிற்கிறது. பொவ்மோரில் 1767-இல் கட்டிய வட்டமான தேவாலயம் உண்டு, சாத்தான் ஒளிந்துகொள்ள மூலை இருக்கக்கூடாது என்று அப்படிக் கட்டியதாகக் கதை. அதே ஊரில் நீச்சல் குளத்துத் தண்ணீருக்குச் சூடு அங்குள்ள விஸ்கி ஆலையிலிருந்துதான் வருகிறது, என் ஓட்டு அதற்கே. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப வேண்டாம்.

மழைக்காகிதம்:
ஐலாவில் மலையழகு கம்மி, அது வேண்டுமானால் ஸ்கை. பாலம் இருக்கிறது, ஃபெர்ரி தொல்லை இல்லை. கூலின் மலைகளைப் பார்த்தபடி 1830-இலிருந்து டாலிஸ்கர் ஆலை நிற்கிறது. ஐலாவிலிருந்து திரும்பும் நாளில் காற்றால் எங்கள் ஃபெர்ரி ரத்தாகி, ஒரு ராத்திரி கூடுதல் வாடகை கொடுத்தோம். விமானத்துக்கு முந்தைய நாளை ஐலாவில் வைக்காதீர்கள். இன்னொன்று, இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் மதுதான் வரியில்லாமல், மச்சானிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பகல்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. ஐலா மட்டும் என்று சொன்னேன், மச்சான் முகம் தொங்கிவிட்டது. ஜூராவையாவது விடமாட்டேன் என்கிறார்.

கடலோடி:
அது தாராளமாக. ஐலாவின் போர்ட் அஸ்கைக்கிலிருந்து படகில் ஐந்து நிமிடம். அக்கரையில் இறங்கினால் ஒரே ரோடு, ஒரே ஆலை, வழிநெடுக மான்கள். ஆலைக்குப் போகும் பஸ் நேரத்தை மட்டும் இங்கிருந்தே பார்த்துவைத்துவிடுங்கள்.