புதுப்பிப்பு: பொம்மைக் கூடைக்கு வழி கிடைத்தது

இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: ஏழு வயது மகன், நான்கு வயது மகள், இருவருக்கும் ஒரே அறை, பொம்மைகளைப் பெரிய கூடையில் போட்டுவைத்தால் ஒன்றைத் தேட மொத்தத்தையும் கவிழ்த்துவிடுகிறார்கள், என்ன செய்வது என்று. பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் மூடிபோட்ட டப்பாக்கள் வாங்கிப் பெயர் எழுதி ஒட்டினேன். பலனில்லை. சின்னவளுக்குப் படிக்கத் தெரியாது, மூடியும் இறுக்கம்.

பாதியைப் பரணில் ஏற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. இப்போது தாழ்வான திறந்த அலமாரியில் எட்டு டப்பாக்கள் மட்டும். மூடி கிடையாது, முன்பக்கம் உள்ளிருக்கும் பொருளின் புகைப்படம். பரணிலிருந்து இறங்கிய பழைய சொப்புச் சாமான்களை மகள் புதிதாக வாங்கியதுபோல் அள்ளிக்கொண்டாள். லெகோவுக்குப் பழைய படுக்கை விரிப்பு: அதன்மேல் விளையாடிவிட்டு நான்கு மூலையையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கூடையின் அடியில், மூடி கழன்ற பாட்டுப் பொம்மையும் அதிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரியும் கிடந்தன. சட்டைப் பொத்தான் அளவு, பளபளவென்று. என் கை நடுங்கிவிட்டது. குழந்தை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறவர்கள் முதலில் கூடையைக் கொட்டி அடிவரை பாருங்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத பொம்மைகளை நான் வீட்டைவிட்டே அகற்றிவிட்டேன்.