தரையிறங்கும் விமானத்தின் தரைவேகம்: அளக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மீனம்பாக்கத்தில் இறங்கும் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானங்களின் தரைவேகத்தை (தரையை ஒப்பிட்டு அவை நகரும் வேகத்தை) மொட்டைமாடியிலிருந்து அளக்கப் பார்க்கிறேன். மொபைலை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, பக்கத்து வீட்டு ஆன்டெனா கம்பியை மூக்கு தொடுவதிலிருந்து வால் தாண்டும் வரை ஃபிரேம்களை எண்ணுகிறேன். விமானத்தின் நீளம் 37.57 மீட்டர். அது எவ்வளவு தொலைவில் பறக்கிறது என்று தெரியவே வேண்டாம், அதுதான் இந்த வழியில் எனக்குப் பிடித்தது.

நேற்று நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் 16 வந்தது. நொடிக்கு 70 மீட்டர், அதாவது சுமார் 137 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). ஆனால் ஒரு ஃபிரேம் பிசகினாலே 8, 9 நாட் மாறிவிடுகிறது. 240 ஃபிரேமில் எடுத்தால் போதுமா? அப்புறம், குறுக்குக்காற்றில் மூக்கைத் திருப்பிக்கொண்டு வரும்போது கணக்கை எப்படித் திருத்துவது?

விமானங்கள் தாங்களே அனுப்பும் இடம், வேகத் தகவல்களைப் பிடிக்கும் ஏடிஎஸ்-பி ரிசீவர் வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு மாலை உங்கள் அளவுகளைத் தந்தால், என் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.