புதுப்பிப்பு: பைண்டிங் வாங்கியாச்சு

குல்மார்க்கில் லிஃப்ட் இல்லாத சரிவுகளில் நடந்தே ஏறிச் சறுக்க, எடை குறைந்த, சுலபத்தில் உடையாத பைண்டிங் (பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பான்) எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாண்டிச்சேரிக்காரனுக்கு எதற்குப் பனிச்சறுக்கு என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

கடைசியில் ஊசி வகைதான். 1980களில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் உருவாக்கிய ஏற்பாடு: முன்பக்க ஊசிகள் இரண்டும் பூட்ஸ் நுனியிலுள்ள குழிகளைக் கவ்வும், ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். குழியில்லாத சாதாரண பூட்ஸ் இதற்கு ஆகாது. தெரு முனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், திருகாணியோடு ஒன்று 310 கிராம். அண்ணாச்சி, "இது என்ன தம்பி, எலிப்பொறியா?" என்றார்.

பந்தயத்துக்கான இன்னும் லேசானவற்றைத் தொடவில்லை. விழுந்தால் பூட்ஸ் கழலும் விசையை அவற்றில் பலவற்றில் மாற்றவே முடியாது. நான் 82 கிலோ, முழங்கால் முக்கியம்.

பலகையில் பொருத்திக் கொடுத்த கடையில், பூட்ஸ் குதிகாலுக்கும் பைண்டிங்கின் பின்பகுதிக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியைக் கவனிக்கவில்லை. என் மாடலுக்கு 4 மில்லிமீட்டர் வேண்டும். பூட்ஸ் ஒட்டிக்கொண்டு நின்றது. கிரெனோபிளில் இருக்கும் சித்தப்பா மகன் வீடியோவில் பார்த்துத்தான் சொன்னான். பின்பக்கத் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன்.

அப்புறம், வைத்திக்குப்பத்து உப்புக்காற்றில் நாலே நாளில் ஊசி நுனி துருப்பிடித்துவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார். குல்மார்க் குளிரில் அது உறைந்து கட்டியாகிவிடுமே! துடைத்து, மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கழன்ற பலகை சரிவில் ஓடிவிடாமல் இருக்க பிரேக்கா, காலோடு கட்டும் கயிறா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.