91 ஆக்டேன் ஃபைல் போட்ட ஆக்டேவியா, 91 பெட்ரோல்தான் ஊற்றுகிறேன், அப்புறமும் ஏன் நாக் அடிக்கிறது?

ஆனைமலைக்காரன் (மே 2022)

நண்பர்களே, ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், 2017 மாடல், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், 68,000 கிலோமீட்டர் ஓடியது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பெனி கணக்கு 180 பிஎஸ் பவர், 250 என்எம் இழுவிசை. ஆசை யாரை விட்டது, போன மாதம் ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன், அதாவது பவர் கூடுவதற்காக இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு ஃபைல் ஏற்றினேன். போட்ட ட்யூனர் கொடுத்த தாளில் 225 பிஎஸ் என்று இருக்கிறது. இழுவை என்றால் அப்படி ஓர் இழுவை, அதில் குறையே சொல்ல மாட்டேன்.

பிரச்சினை மலை ஏறும்போதுதான். வேலை விஷயமாக வாரம் ஒருமுறை ஆழியாறிலிருந்து வால்பாறை போகிறேன், நாற்பது கொண்டை ஊசி வளைவு. வளைவில் திரும்பி வண்டி நிமிர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், 2000க்கும் 3000 ஆர்பிஎம்முக்கும் நடுவில், தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம். மதிய வெயிலில் ஏசியும் ஓடினால் இன்னும் அதிகம். காலை ஆறு மணிக்கு ஏறினால் அவ்வளவாக இல்லை. பொள்ளாச்சி உடுமலை ரோட்டில் ஒன்றுமே இல்லை. இன்ஜின் லைட் எரியவில்லை.

தாளில் தெளிவாக "91 ஆக்டேன் ஃபைல்" என்று போட்டிருக்கிறது. நம் ஊர் சாதாரண பெட்ரோல் 91தானே, அதைத்தான் ஊற்றுகிறேன். ஆக்டேன் பூஸ்டர் ஊற்று என்கிறான் மச்சான். 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 மட்டும் போடு என்கிறார் ஆபீஸில் ஒருவர், அது 2020 டிசம்பரில் வந்தபோதே லிட்டர் 160 ரூபாய், அதுவும் எங்கள் பக்கம் கண்ணில் பட்டதே இல்லை. எதைக் கேட்பது?

பழைய பிளக்

தம்பி, முதலில் ஒன்று, சரியாகும் வரைக்கும் அந்த வண்டியை மலையில் மிதித்து ஓட்டாதே. அது நாக்கிங்தான், வேறு எதுவும் இல்லை. பிளக் பொறி வைத்து, தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் இருக்கிற கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சிதான் உனக்குக் கோலிக்குண்டாகக் கேட்கிறது. டர்போ வண்டியில் இதை விட்டு வைத்தால் பிஸ்டன் ரிங் போகும், ரிங்குக்கு நடுவில் இருக்கிற மேடு உடையும், அப்புறம் நீ ரீமேப்புக்குக் கொடுத்த காசு சில்லறையாகத் தெரியும்.

நான் அம்பாசடர், பத்மினி காலத்து ஆள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி டைமிங்கை, அதாவது பிளக் பொறி வைக்கிற நேரத்தை, ஏற்றுவோம், மேட்டில் ஓட்டிப் பார்ப்போம், நாக் கேட்டால் ஒரு மயிரிழை இறக்கி முடுக்கிவிடுவோம். இன்றைக்கு அதே வேலையை பிளாக்கில் இருக்கிற நாக் சென்சார் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சென்சார் இறக்கியும் உன் காதுக்கே கேட்கிறது என்றால் ஃபைலில் டைமிங் ரொம்ப ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் பெட்ரோலின் ஆக்டேன் போதவில்லை.

லாக் பார்த்துப் பேசு

உங்கள் தலைப்பிலேயே விடை இருக்கிறது ஜி. ட்யூனரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த 91 எந்த ஊர் 91?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்கிற அளவு, அதை இரண்டு விதமாக அளக்கிறார்கள். சோதனை இன்ஜினை 600 ஆர்பிஎம்மில் ஓட்டி எடுப்பது ரான் (RON). 900 ஆர்பிஎம்மில், கலவையைச் சூடாக்கி, இன்னும் கடுமையாக வைத்து எடுப்பது மான் (MON). ஒரே பெட்ரோலுக்கு மான் எண் எட்டு பத்து குறைவாக வரும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பங்க்கில் பார்ப்பது ரான். அமெரிக்காவில் பார்ப்பது இரண்டின் சராசரி. அதனால் அவர்களுடைய 87 நம்முடைய 91, 92 பக்கம் வரும். அவர்களுடைய 91 நம் கணக்கில் 95, 96. அவர்களுடைய 93 என்றால் ஏறக்குறைய 98.

உங்கள் 1.8 இன்ஜின் குடும்பம் அமெரிக்காவிலும் விற்றது. அந்த ஊர் ஃபைல்கள் 91, 93 என்றுதான் பெயர் வைத்து வரும். ஐரோப்பிய ஃபைலாக இருந்தால் 95 அல்லது 98 என்றுதான் போட்டிருப்பார்கள், 91 என்று எழுதியிருப்பதே எனக்கு உறுத்துகிறது. நான் நினைப்பது சரியாக இருந்தால் 95, 96 கேட்கிற வண்டிக்கு நீங்கள் ஒரு மாதமாக 91 ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனாலும் ஊகத்தில் எதையும் வாங்காதீர்கள். இன்ஜின் கணக்குகளைப் போனில் காட்டுகிற ஓபிடி டாங்கிள் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இக்னிஷன் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்பதைப் பதிவாக, அதாவது லாக், எடுங்கள், கூடவே உள்ளே போகிற காற்றின் சூடு. போனை பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், வளைவில் நீங்கள் பார்க்காதீர்கள். ஒரே ஒரு தடவை, பாதி மிதியில் எடுத்தால் போதும். எப்போதாவது ஒரு சிலிண்டரில் இரண்டு மூன்று டிகிரி வந்து போனால் நான் கண்டுகொள்ள மாட்டேன். நாலு சிலிண்டரும் ஐந்து ஆறுக்கு மேல் போய் அங்கேயே நின்றால் பெட்ரோலும் ஃபைலும் ஒத்துப்போகவில்லை.

வடக்கத்தி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஷெட்டில், அதாவது பெட்ரோல் பங்க்கில், 92, 95 என்று பம்பிலேயே எழுதியிருக்கும், இரண்டும் ரான், அதனால் இந்தக் குழப்பம் எங்களுக்கு இல்லை. வேறு குழப்பம் உண்டு. இப்ப தட்டுப்பாட்டில் வரிசையில் நிற்கிறவனுக்கு எது கிடைத்தாலும் பெற்றோல்தான் அண்ணை.

ஆனைமலைக்காரன்

வடக்கத்தி அண்ணா, படித்ததும் என் கவலை சின்னதாகிவிட்டது. சீக்கிரம் நிலைமை சரியாகட்டும்.

லாக் எடுத்துவிட்டேன். ஆழியாறு அடிவாரத்திலிருந்து ஒன்பதாவது வளைவு வரை, தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து. முதல் சிலிண்டர் 6, இரண்டாவது 7.5, மூன்றாவது 8, நாலாவது 6.5 டிகிரி. நாலும் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறவே இல்லை. காற்றின் சூடு 61 டிகிரி. ட்யூனருக்குப் போன் போட்டேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அதுவரை பூஸ்டராவது ஊற்றட்டுமா?

லாக் பார்த்துப் பேசு

8 டிகிரி என்றால் கொடுத்த காசுக்கான பவரில் ஒரு பங்கை அந்த சென்சாரே திருப்பி எடுத்துக்கொண்டது. நிறுத்துங்கள், மெதுவாக மட்டும் ஓட்டுங்கள்.

பூஸ்டர் வேண்டாம். டப்பாவில் "5 பாயிண்ட் ஏறும்" என்று போட்டிருப்பான். நிறைய டப்பாக்களில் பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன், அதாவது 91 ஏறி 91.5 ஆகும். உண்மையிலேயே ஏற்றுகிற சரக்கில் பெரும்பாலும் மாங்கனீஸ் இருக்கும், பிளக் முனையில் ஆரஞ்சு கலரில் படியும். இரும்புக் கலவை உள்ளதும் உண்டு, அது செங்கல் பொடி மாதிரி படிந்து பிளக்கையே ஷார்ட் ஆக்கிவிடும். டொலுவீன் என்கிற கரைப்பானை வாங்கிக் கலக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அவர்களையும் நம்பாதீர்கள், ஆக்டேன் ஏறுவது உண்மைதான், ஆனால் மூச்சுக்குக் கேடு, வீட்டில் வைத்துக் கலக்கிற பொருள் இல்லை.

டேங்க்கில் இருப்பதை ஓட்டிக் குறைத்துவிட்டு 97 ஆக்டேன் பெட்ரோலான ஸ்பீட் 97 போடுங்கள். மிச்சமிருக்கிற பழையதும் கலப்பதால் முதல் தடவையே முழுப் பலன் தெரியாது, கலந்தால் எண்ணும் சராசரியாகத்தான் வரும். இரண்டாவது ஃபில்லுக்குப் பிறகு அதே ரோடு, அதே நேரம், அதே மிதியில் லாக்.

பழைய பிளக்

அவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் தம்பி. 100 போட்டால் பவர் கூடும் என்று நினைக்காதே. ஆக்டேன் என்பது சக்தி இல்லை, பொறுமை. 96 போதும் என்று எழுதிய ஃபைலுக்கு 100 ஊற்றினால் மீதி நாலும் புகைக்குழாய் வழியாகப் போய்விடும். 100க்கு என்று தனியாக ஃபைல் எழுதினால் கதை வேறு. பிளக்கையும் கழற்றிப் பார், 68,000 ஓடியிருக்கிறது.

ஆனைமலைக்காரன்

எல்லோருக்கும் பெரிய நன்றி. ட்யூனர் ஒத்துக்கொண்டார். ஃபைல் அமெரிக்க அளவு, வாங்கிய இடத்தில் இருந்த பெயரை அப்படியே தாளில் எழுதிவிட்டாராம். "95க்கு மேல்தான் போடணும்னு சொன்னேனே" என்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சண்டை போட மனசில்லை.

கோவையில் 97 போட்டு இரண்டு டேங்க் ஓட்டினேன். பிளக்கும் மாற்றியாயிற்று, பழையதில் இடைவெளி விரிந்திருந்தது. அதே வளைவு, அதே மதியம்: 1.5, 2, 2.5, 1.5. சத்தம் சுத்தமாக இல்லை.

ஆனால் ஒன்று. நேற்று பல்லடம் தாண்டி ஆறாவது கியரில் 1400 ஆர்பிஎம்மில் சும்மா உருண்டுகொண்டிருந்தேன். ஓவர்டேக் எடுக்க மிதித்ததும் ஒரே ஒரு "டொங்". கலகல இல்லை, சுத்தியலால் அடித்த மாதிரி ஒரே அடி. அப்புறம் வரவே இல்லை. இதுவும் ஆக்டேனா?

லாக் பார்த்துப் பேசு

இதுதான் எனக்குப் பயம். இது வேறு ஜாதி. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிற டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் பாரம் ஏற்றினால், பிளக் பொறி வைப்பதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஆயில் துளியோ கரிப் படிவமோ காரணமாக இருக்கும். அதன்பிறகு டைமிங்கை இறக்கிப் பயன் இல்லை, ஏனென்றால் பிளக்கின் முறையே வரவில்லை. ஆக்டேன் ஏற்றினாலும் இது முழுசாக நிற்காது.

இரண்டு காரியம் செய்யுங்கள். டிஎஸ்ஜி கியர் 'டி' என்கிற சாதாரண நிலையில் மைலேஜுக்காக மேல் கியரிலேயே படுத்துக் கிடக்கும், அங்கேயிருந்து அழுத்தி மிதிக்காதீர்கள், 'எஸ்' என்கிற ஸ்போர்ட் நிலைக்குத் தள்ளிவிட்டு, கியர் இறங்கிய பிறகு மிதியுங்கள். அப்புறம் ஆயில்: மேனுவலில் சொன்ன ஃபோக்ஸ்வாகன் தரம் முதலில் பொருந்த வேண்டும், அதற்குள் ஏபிஐ எஸ்பி என்கிற அமெரிக்க ஆயில் தரமும் உள்ளதாகத் தேடுங்கள். அந்தத் தரம் 2020ல் வந்தபோது இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு சோதனையும் அதில் இருந்தது. ஆயிலில் கால்சியம் கூடினால் இந்த அடி கூடும் என்பதால் கலவையையே மாற்றினார்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அந்த ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி 250 என்எம்முக்கு வடிவமைத்தது, கம்பெனியே உங்களுக்கு விளிம்பு வரை கொடுத்துவிட்டது. ஸ்டேஜ் 1 அதைத் தாண்டித்தான் இருக்கும். பெட்ரோலுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியாவது கிளட்சுக்கும் காட்டுங்கள்.

ஆனைமலைக்காரன்

கிளட்ச் பற்றி வீட்டில் யாரும் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

கடைசியாக முடிவு செய்தது: வால்பாறையில் திடீரென்று டேங்க் காலியானால் சாதாரணம்தான் கிடைக்கும், 97க்காகக் கோவைக்கு ஓட முடியாது. அதனால் ட்யூனரிடமே டைமிங்கும் டர்போ அழுத்தமும் கொஞ்சம் இறக்கி, நம் 95 ரானுக்கு வேறு ஃபைல் எழுதச் சொன்னேன், காசு கேட்காமல் செய்து கொடுத்தார். 205 பிஎஸ் வரும் என்றார். 20 குதிரை போனது எனக்குத் தெரியவே இல்லை. சாதாரணம் போட வேண்டி வந்தால் அந்த டேங்க் முடியும் வரை மிதிக்க மாட்டேன். தாளில் இப்போது "95 ரான்" என்று பேனாவில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

புது மாப்பிள்ளை (செப்டம்பர் 2025)

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே வண்டி, இதே 95 ரான் ஃபைல், 2021ல் போட்டது. இப்போது எங்கே போனாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்கிறார்கள், அப்படியானால் நாக் பயம் இல்லை, நிம்மதியாக மிதிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

லாக் பார்த்துப் பேசு

நாக் விஷயத்தில் எத்தனால் நண்பன்தான். அதன் ரான் 108 பக்கம், ஆவியாகும்போது சிலிண்டரையும் குளிர்விக்கும். ஆனால் சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, எத்தனாலுக்கு 9 பங்குதான். 20 சதவீதம் கலந்தால் இன்ஜின் அதே காற்றுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் கேட்கும். ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஓரளவு சமாளிக்கும். ஆனால் முழு மிதியில் ஃபைல் ஏற்கெனவே இன்ஜெக்டரையும் பம்பையும் விளிம்பு வரை இழுத்திருந்தால் கலவை மெலிந்துவிடும், சூடு ஏறும், அங்கே ஆக்டேன் உங்களைக் காப்பாற்றாது. மைலேஜும் குறையும். அந்தக் காலத்து வண்டி ஈ20க்காகச் செய்ததும் இல்லை, ரப்பர் குழாய்களை ஒரு பார்வை பாருங்கள்.

ஒரு வாரம் எத்தனால் இல்லாத 100, அடுத்த வாரம் ஈ20 என்று மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள், ஈசியூ கற்றுக்கொண்ட கணக்கு ஒவ்வொரு தடவையும் கலையும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு டேங்க் ஓட்டுங்கள். அப்புறம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகிற பெட்ரோலின் அழுத்தம்), டைமிங் மூன்றையும் லாக் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

புது மாப்பிள்ளை

சரி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன்.