பேட்டில் பிரதர்ஸ்: உங்கள் படை முதன்முதலில் சிதைந்தது யாரிடம்?

பேட்டில் பிரதர்ஸ் விளையாடிய ஒவ்வொருவரிடமும் மறக்க முடியாத ஒரு சண்டை இருக்கும். வென்ற சண்டையாக அது பெரும்பாலும் இருக்காது. என்னுடையதை முதலில் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 2017இல் முழுமையாக வெளிவந்த இந்த கேமை உருவாக்கியது ஜெர்மனியின் ஓவர்ஹைப் ஸ்டூடியோஸ். இதில் கதாநாயகன் கிடையாது. நீங்கள் ஒரு கூலிப்படையின் தலைவர், ஆனால் களத்தில் இறங்குவதில்லை. மீனவன், கசாப்புக்காரன், பிச்சைக்காரன், துறவி என்று கிடைத்தவர்களைக் கூலிக்கு எடுத்து, ஆயுதம் கொடுத்து, அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து மோதவிடுகிறீர்கள். திரையில் அவர்களுக்குக் கால்கூடக் கிடையாது. மார்பளவு பொம்மைகள், பலகையில் வைத்த காய்கள் போல. செத்தவன் செத்தவன்தான், மந்திரம் போட்டு அவனை நம்மால் மீட்க முடியாது. இவ்வளவு குறைவான உருவத்தை வைத்துக்கொண்டு இந்த கேம் எனக்குள் உண்டாக்கிய பதற்றத்தை, கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த பல கேம்கள் உண்டாக்கியதில்லை.

என் சண்டை கோப்ளின்கள் என்ற குள்ளப் பிசாசுகளோடு. அதுவரை கொள்ளையர்களை மட்டும் வென்று பழகியிருந்தேன். முன்வரிசையில் கேடயம், பின்வரிசையில் நீள ஈட்டி. எதிரி நம்மை நோக்கி ஓடிவருவான், நாம் நின்று அடிப்போம். படையில் ஒன்பது பேர். ஒப்பந்தத்தில் ஒரு மண்டை ஓடுதான் போட்டிருந்தது, அதாவது எளிய வேலை. களம் திறந்ததும் பார்த்தால் எங்கும் சதுப்பு நிலம். அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை. சேற்றில் நிற்பவனுக்குத் தாக்கும் திறனும் குறையும், தற்காப்பும் குறையும். கோப்ளின்களோ தரையைப் பொருட்படுத்தாமல் ஓடும்.

அவை நம்மை நோக்கி வரவில்லை. தூரத்தில் நின்று அம்பெய்தன. முதல் சுற்றிலேயே இருவருக்கு நஞ்சு ஏறியது. நான் வரிசையை முன்னே நகர்த்தினேன். நகர்ந்தால் சோர்வு, சேற்றில் நகர்ந்தால் இன்னும் சோர்வு. கிட்டே போனதும் வில்லாளிகள் பின்வாங்க, பக்கத்துப் புதரிலிருந்து ஒன்று வலை வீசியது. சிக்கியவன் என் மீனவன், படையிலேயே சிறந்த வாள்காரன். ஒருவனுக்கு ஒரு முறைக்கு 9 செயல்புள்ளிகள்தான். வலையை அறுக்கவே அதில் பெரும்பங்கு போனது, முதல் முயற்சி பலிக்கவும் இல்லை. அவனைச் சுற்றி மூன்று நின்றன. சுற்றி நிற்கும் எதிரி கூடக்கூட அடி விழும் வாய்ப்பும் கூடும். அடுத்த முறை அவனுக்கு வரவே இல்லை.

அவன் விழுந்ததும் பக்கத்தில் நின்றவனின் மனம் ஆட்டம் கண்டது. மனநிலையைக் காட்டும் கொடி போன்ற சின்னம் நிறம் மாறியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒருவன் தடுமாற, அவனைப் பார்த்து இன்னொருவன் ஓட, ஓடுகிறவன் முதுகில் அடி விழ, அதைப் பார்த்து மூன்றாமவன். இதே நேரத்தில் ஓநாய் மேல் ஏறி வந்த இரண்டு, சுற்றிக்கொண்டு பின்வரிசை ஈட்டிக்காரர்கள் மேல் பாய்ந்தன. பாகனைக் கொன்றால் ஓநாய் மிஞ்சுகிறது, ஓநாயைக் கொன்றால் பாகன் மிஞ்சுகிறான்.

ஒன்பது பேரில் மூவர் உயிரோடு திரும்பினார்கள். அதில் ஒருவனுக்கு ஒரு கண் போயிருந்தது.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. தரையைப் பார்க்காமல் நடந்தது நான். வில்லாளிகளை நோக்கித் திறந்தவெளியில் வரிசையை நகர்த்தியது நான். சிறந்தவனை ஓரத்தில் தனியாக நிறுத்தியதும் நானே. ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு முறை முன்னால் நான் எடுத்த ஒரு முடிவு தெளிவாகத் தெரிந்தது. இதனால்தான் இந்த கேமை நேர்மையான கேம் என்கிறேன். கடினம் வேறு, அநியாயம் வேறு. இங்கே எனக்குக் கிடைத்தது கடினம்.

* * *

கோப்ளின் கதை எனக்கும் உண்டு. ஆனால் என்னை உடைத்தது சவங்களை எழுப்பும் மந்திரவாதி.

எழுந்து நடக்கும் பிணங்கள் தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமானவை. மெதுவாக நகரும், அடியில் பெரிய வலு இல்லை. தொல்லை என்னவென்றால், வீழ்த்தியவை மறுபடி எழும். தலை துண்டானால் எழாது. இல்லாவிட்டால் அந்தப் பிணத்தின் மேல் நம் ஆள் ஒருவன் நிற்க வேண்டும், காலடியில் கிடப்பது எழ முடியாது. இதை நான் கற்றது ஆறாவது சுற்றில். அதற்குள் என் ஆட்களின் சோர்வு உச்சத்தில். ஒவ்வொரு வீச்சுக்கும் சோர்வு ஏறுகிறது, ஒரு முறைக்கு 15தான் இறங்குகிறது. ஏழாவது சுற்றில் வாளைத் தூக்கவே பலமில்லாமல் வெறுமனே நிற்கிறார்கள்.

அப்போது என் கோடரிக்காரன் இறந்தான். உழவனாக வந்தவன், முதல் நாளிலிருந்து இருந்தவன். இருந்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய சங்கிலிக் கவசம் அவன்மேல்தான் இருந்தது. அடுத்த சுற்றில் அவன் எழுந்தான். அதே கவசம், அதே கோடரி, அதே முகம். எங்களை நோக்கித் திரும்பினான்.

அவனைக் கொல்ல மூன்று பேர் தேவைப்பட்டது. கவசம் நல்ல கவசம், நான் வாங்கிக் கொடுத்தது. கடைசி அடியை யார் அடிப்பது என்று ஒரு நிமிடம் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு மருந்து எளிது. மந்திரவாதி பின்னால் ஒளிந்து நிற்பான், அவனுக்கென்று பெரிய பலம் இல்லை. இரண்டு குறுக்குவில்லாளிகளோ நல்ல வேட்டைக்காரன் ஒருவனோ இருந்தால் போதும், பிணங்களை விட்டுவிட்டு அவனையே குறிவைக்க வேண்டும். அன்று என் படையில் வில் பிடித்தவன் ஒருவன்கூட இல்லை. கைக்கு எட்டுவதை மட்டும் அடிப்பது என்று பழகியிருந்தேன். மேலே எழுதிய நண்பர் சொன்னதுதான், என் சாவுகளுக்கும் காரணம் என் பழக்கம்.

* * *

நான் ஒரு நல்ல நினைவைச் சொல்கிறேன், கொஞ்சம் மனம் ஆறட்டும்.

ஆரம்ப நாட்களில் நல்ல கவசம் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. அது கொள்ளைத் தலைவன் உடம்பில் இருக்கும். அவனைக் கோடரியால் பிளந்தால் கவசமும் பிளந்து போகும். வழி என்ன? குத்துவாள். அதில் ஒரு குத்து உண்டு, கவசத்தை முழுக்கத் தாண்டி நேராக உடலில் இறங்கும். குறி தவறும் வாய்ப்பு அதிகம், சோர்வும் அதிகம். ஆகவே முதலில் அவனுடைய ஆட்களை எல்லாம் முடித்துவிட்டு, அவனைத் தனியாக வளைத்து, நால்வர் கையில் குத்துவாளைக் கொடுத்து, பொறுமையாகக் குத்த வேண்டும். அதுவரை அவன் சும்மா இருக்க மாட்டான், இரட்டைக் கை வாளைச் சுழற்றிக்கொண்டே இருப்பான்.

என் பிச்சைக்காரன் ஒருவன், தொடக்கத் திறன்களெல்லாம் படுமோசமானவன், அன்று அந்தக் கடைசிக் குத்தைக் குத்தினான். 34 சதவீத வாய்ப்பு. கவசம் ஏறக்குறைய கீறலில்லாமல் கிடைத்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை, அவனுக்கே போட்டேன். கணக்குப்படி அது தவறு. திறமையான ஆளுக்குப் போட்டிருக்க வேண்டும். அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், பதினோராம் லெவல்.

சடலம் தின்னும் நாக்சேரர்களிடம் ஆளை விழுங்கக் கொடுத்துவிட்டு, வயிற்றைக் கிழித்து உயிரோடு மீட்டவர்கள் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

* * *

எல்லாரும் புகழ்கிறீர்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

ஒருவனைக் கூலிக்கு எடுக்கும்போது அவனுடைய திறன் எண்கள் தெரியாது. அவன் என்ன தொழில் செய்தவன், என்ன விலை, இவ்வளவுதான். கொஞ்சம் பணம் கொடுத்துச் சோதித்தால் குணங்கள் தெரியும், அவ்வளவே. எந்தத் திறனில் நன்றாக வளர்வான் என்று காட்டும் நட்சத்திரங்கள், பணத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும். நல்ல விலை கொடுத்து எடுத்தவன் மூச்சிரைப்புக்காரனாகவும் கோழையாகவும் இருக்கலாம். முதல் இருபது நாட்களில் அப்படி இரண்டு பேர் அமைந்தால் கூலி கொடுக்கவே பணம் இருக்காது. இதில் என் முடிவு எங்கே இருக்கிறது? தவறிலிருந்து கற்கலாம் என்கிறீர்கள். துரதிர்ஷ்டத்திலிருந்து எதைக் கற்பது?

இன்னொன்று. கேம் எதையும் எடுத்துச் சொல்வதில்லை. சதுப்பு நிலத்தின் விளைவு, பிணத்தின் மேல் நிற்பது, ஆளை வளைத்துக் குத்தும் உத்தி, எல்லாமே ஆட்களைப் பலி கொடுத்து அறிய வேண்டியவை. நாற்பது மணிநேரம் உழைத்த படையை ஒரே மாலையில் இழந்தபோது எனக்கு வந்தது பாடமல்ல, அயர்ச்சி. இரண்டு மாதம் தொடவே இல்லை. பிறகு, பழைய சேவுக்குத் திரும்ப விடாத அயர்ன்மேன் முறை இல்லாமல், சண்டைக்கு முன் சேவ் செய்துகொண்டு விளையாடினேன். அதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கிடைத்த இன்பம் குறைவானதல்ல.

* * *

முதலில் எழுதியவன்தான். மேலே உள்ள மாற்றுக் கருத்துக்கு மதிப்பளித்தே பதில் சொல்கிறேன்.

சேவ் செய்து விளையாடுவதைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. தோற்ற அதே சண்டையை மூன்று முறை திரும்ப ஆடிப் பார்த்தால் கற்பது வேகமாக நடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். சண்டையின் கடினத்தையும் பொருளாதாரத்தின் கடினத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. இரண்டையும் கீழே வைத்துத் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை.

அதிர்ஷ்டம் பற்றி மட்டும் வேறுபடுகிறேன். அடி விழும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல் போகாது, 5க்குக் கீழும் இறங்காது. எவ்வளவு பெரிய வீரனும் இருபதில் ஒரு முறை தவறுவான், எவ்வளவு எளியவனும் இருபதில் ஒரு முறை அடித்துவிடுவான். நாலில் ஓர் அடி தலையில் விழும், தலையில் விழுந்தால் உயிருக்கு ஒன்றரை மடங்கு சேதம். இவையெல்லாம் தெரிந்த எண்கள். எதிரியின் மேல் சுட்டியை வைத்தால் வாய்ப்பு ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று வரிவரியாகக் காட்டுகிறது: மேட்டில் நிற்கிறாய், சுற்றி வளைத்திருக்கிறாய், அவன் கேடயம் உயர்த்தியிருக்கிறான். ஆகவே 'இந்த அடி விழும்' என்று திட்டமிடுவதே தவறான திட்டம். 'விழாவிட்டாலும் இவன் அடுத்த முறைவரை பிழைப்பானா?' என்று கேட்டுத் திட்டமிட வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகு என் படையில் சாவு பாதியாகக் குறைந்தது.

ஆள் எடுப்பதும் அப்படியே. ஒரே ஆளை நம்பிப் பணத்தைக் கொட்டினால் சூதாட்டம். மலிவான நால்வரை எடுத்து, இருவரை அனுப்பிவிட்டால் அது நிர்வாகம். துறவிக்கு வாள் வராது, ஆனால் மன உறுதி மற்றவர்களைவிட அதிகம். அவன் கையில் படைக்கொடியைக் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்திப் பாருங்கள், ஓடப் போகிறவன் நின்றுவிடுவான். அன்று கோப்ளின்களோடு மோதியபோது என் படையில் ஒரு துறவி இருந்திருந்தால் என் வரிசை அப்படி அவிழ்ந்திருக்காது.

விளக்கிச் சொல்வதில்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். குறிப்பாகச் சதுப்பு நிலம்.

* * *

தாமதமாக வருகிறேன். இங்கே யாரும் பின்வாங்குவதைப் பற்றி எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த விதி, சண்டையை விட்டுவிட்டு ஓடலாம் என்பது. களத்தின் விளிம்பை எட்டியவன் பிழைத்துக்கொள்வான். இதைப் பயன்படுத்த எனக்கு நூறு மணிநேரம் ஆனது. தோல்வியை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதுதான் காரணம்.

ஓர்க்குகள் என்ற அரக்கர்களோடு சண்டை. முன்னால் கவசமும் கேடயமும் தரித்த மூன்று பெரியவர்கள், பக்கத்தில் இரண்டு வெறியர்கள். இரண்டாம் சுற்றிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன், வெல்ல முடியாது. வழக்கம்போல 'ஒருவேளை' என்று தோன்றியது. அந்த ஒருவேளையை அன்று முதன்முதலாக ஒதுக்கிவைத்தேன்.

பின்வரிசையை முதலில் நகர்த்தினேன். நாய்களை அவிழ்த்துவிட்டேன், வெறியர்கள் அவற்றை அடிப்பதில் ஒரு முறை வீணானது. இடம் மாற்றிக்கொள்ளும் திறன் கொண்டவன் ஒருவன் இருந்தான். அடிபட்டவனைப் பின்னால் இழுத்துவிட்டு அவன் இடத்தில் தான் போய் நின்றான். பிறகு இன்னொருவனையும். அப்படி மூவரை வெளியே எடுத்தான். நான்காவதாக யாரும் மிச்சமில்லை, அவனை இழுக்க ஆளும் இல்லை. கசாப்புக்காரனாக வந்தவன் அவன். கேடயம் உடைந்திருந்தது, விளிம்புக்கு ஐந்து கட்டம். அவன் முறை வந்ததும் ஓடவிடாமல் நிற்க வைத்தேன். ஓடினால் முதுகில் அடி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த வில்லாளி மேலும் பாய்ந்திருப்பார்கள். இரண்டு முறை தாங்கினான்.

பத்துப் பேர் வெளியே வந்தோம். படையின் இறந்தோர் பட்டியலை அன்றுதான் முதன்முறையாக நிதானமாகத் திறந்து படித்தேன். ஒவ்வொரு வரியிலும் பெயர், படையில் இருந்த நாட்கள், கலந்த சண்டைகள், கொன்றவர்களின் எண்ணிக்கை, எப்படி இறந்தான் என்பது. கசாப்புக்காரனின் வரி கடைசியில் இருந்தது: 61 நாட்கள், 23 சண்டைகள். அவன் வெளியே எடுத்த மூவரைப் பற்றிச் சொல்ல அதில் பத்தி எதுவும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதினேன்.