சாரல்ல காயாத துண்டும் என் பொண்டாட்டி ஊத்துன வாசனைத் தண்ணியும்

செங்கோட்டை, வாடகைக் கார் ஓட்டுறவன்:

போன ஆடியில ஒரு ராத்திரி சவாரி. கொல்லத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு புளியரை ஏத்தம் ஏறுதேன், பொடித்தூறல். உள்கண்ணாடியில ஆவி படிஞ்சுதுன்னு மைக்ரோஃபைபர் துண்ட எடுத்து ஒரு இழு இழுத்தேன். எதுத்தாப்புல லாரி லைட் அடிச்சதும் கண்ணாடி பூரா எண்ணெய் தடவுன மாதிரி மினுங்குது. ரோடே தெரியல. ஆரியங்காவுல ஓரங்கட்டி, பழைய செய்தித்தாள வச்சுத் துடைச்சுதான் மேல போனேன்.

வாங்கும்போது அந்தத் துண்டு பானட்டுல நிக்குத தண்ணிய ஒரே இழுப்புல குடிக்கும். மூணே மாசத்துல தண்ணிய அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளுதே தவிர குடிக்கல. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு திட்டிக்கிட்டே திரிஞ்சேன். புனலூர்ல வண்டி கழுவுத பையன் கையில வாங்கி மோந்து பாத்துட்டுச் சிரிச்சான். "அண்ணா, இது பருத்தியில்ல, பிளாஸ்டிக் நூலாக்கும். வாசனைத் தண்ணி போட்டா அடைஞ்சிரும்."

அவன் சொன்னது சரிதான். இதுல முக்கால்வாசிக்கு மேல பாலியெஸ்டர், மீதி நைலான் வகை. தலைமுடியவிட ரொம்ப மெல்லிசான நூல கீத்துக் கீத்தாப் பிளந்து வச்சிருக்கான். அந்த இடுக்குலதான் தண்ணியும் தூசியும் போய் உக்காருது. துணி மெத்துன்னு இருக்கணும்னு கடைசி அலசல்ல ஊத்துத அந்த வாசனைத் தண்ணி நூல் மேல ஒரு படலமாப் படிஞ்சிருது. அப்புறம் எங்க குடிக்கும்? கண்ணாடியில மினுங்குனதும் அதே படலந்தான். போதாக்குறைக்கு எங்க வீட்டம்மா இத நான் குளிச்சுத் துவட்டுத பருத்தித் தோர்த்துமுண்டோட சேத்துத் துவைச்சிருக்கா. பருத்திப் பிசிறு அத்தனையும் இதுல ஒட்டிக்கிட்டு. அவள ஒண்ணும் சொல்ல முடியாது, பிரியமாத்தான் ஊத்தியிருக்கா.

என்கிட்ட இருந்த ஆறு மைக்ரோஃபைபர் துண்டையும் கை பொறுக்குத சூட்டுல தண்ணி வச்சு, கொஞ்சமா லிக்விட் சோப்பு விட்டு ஊறப்போட்டு, நுரை போறவரைக்கும் நாலஞ்சு தடவை அலசினேன். நாலு தேறிட்டு. மத்த ரெண்டக் கெடுத்தது நானேதான். சாரல்ல ரெண்டு நாளாக் காயலன்னு இஸ்திரிப் பெட்டிய வச்சுத் தேச்சிட்டேன். நூல் நுனியெல்லாம் சூட்டுல இறுகி, தடவுனா தேங்கா நார் மாதிரி சொரசொரப்பு. அதோட வண்டியத் துடைச்சு, கதவுல மெல்லிசாக் கீறல் வேற. இப்ப அது ரெண்டும் டயர் துடைக்க.

மீனாட்சிபுரம், பாலக்காட்டுப் பக்கம்:

ஏனுங்க, உங்களுக்கு மழைதான் பிரச்சினை. எங்க சித்தூர்ப் பக்கம் காத்துக்கு அரை மணி நேரத்துல காஞ்சுபோகுது. ஆனா போர் தண்ணி உப்புங்க. பவுடர் போட்டுத் துவைச்சா பாதி கரையாம நூலுக்குள்ளயே நின்னுக்குது, காஞ்சதுக்கப்புறம் துண்டு அப்பளமாட்ட நிக்குது. இப்ப லிக்விடுதான். கடைசி அலசலுக்கு மட்டும் பிடிச்சு வச்ச மழைத்தண்ணிங்க. அதுல ஒரு மூடி வினிகர் விட்டா விறைப்பு குறையுது. இன்னொண்ணு, மதில் மேல மட்டும் காயப்போடாதீங்க. ஒட்டற மணலு உதறுனாலும் போகாது, அடுத்த தடவை பெயின்ட்டத்தான் கீறும்.

களியக்காவிளை, வீட்டம்மா:

எனக்கு வண்டியெல்லாம் இல்ல, அடுக்களைக்கு வாங்கினேன். புதுச் செவப்புத் துண்ட மாமாவுக்க வெள்ள வேட்டிகூடப் போட்டு, வேட்டி ரோஸ் ஆயிட்டு. வேட்டியில ஏறுன சாயத்த எடுக்கணும்னு பிளீச்சிங் போடப்போனேன், துண்டையும் அதுலயே முக்கிட்டேன். துண்டும் போச்சு. புதுசு வாங்கினா மொதல்ல தனியா அலசுங்க, பிளீச்சிங் பக்கமே கொண்டுபோகாதீங்க.

செங்கோட்டைக்காரன் மறுபடியும்:

சாரல்ல எப்படிக் காயவைக்கன்னு கேட்டவங்களுக்கு: கையால முறுக்கிப் பிழியாம மெஷின்ல சுத்தவிட்டு எடுத்தாலே முக்காவாசி ஈரம் போயிருது. ரெண்டு உதறு உதறி, தார்சால ஃபேனுக்குக் கீழ கொடியில ஒண்ணு மேல ஒண்ணு படாம விரிச்சா ராத்திரிக்குள்ள காஞ்சிரும். விறகடுப்பு மேல கட்டுத வேலை வேண்டாம். சூடும் புகையும் ரெண்டும் ஆகாது. அரை ஈரத்தோட டிக்கியில திணிச்சா அடுத்த சவாரிக்காரரு மூக்கப் பொத்துவாரு, எனக்கு நடந்திருக்கு.

கண்ணாடிக்கு ஒண்ணு, பாடிக்கு ரெண்டுன்னு கலர் பிரிச்சு, தனி வாளியில போட்டு இப்ப நானே துவைக்கேன். வீட்டம்மா தோர்த்தையும் அதே வாளிப் பக்கம் நகத்தி வச்சிட்டுப் போயிருக்கா.